ஏறத்தாழ எத்தனை ஆண்டு?

ஈப்போவுக்கு அருகே, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து இன்று செம்பனையும் வீடுகளுமாக மாறிவிட்ட ஓரிடத்தில் தமிழ்ப் பள்ளி மாணவர்க்கான பேச்சுப் போட்டி நடந்தது. நடுவருள் நானும் ஒருவன். நம் மாநிலத்தின் தொன்மை என்பது தலைப்பு. ஒரு சிறுமி மேடையேறி, பதினெட்டு இலட்சத்து முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே லெங்கோங் பள்ளத்தாக்கில் மனிதன் வாழ்ந்தான் என்று கணீரென்று முழங்கினாள். அவை கைதட்டிற்று. முதற்பரிசு அவளுக்கே கிடைத்தது. என் மதிப்பெண்ணும் அவளுக்கே சென்றது.

வீடு திரும்பும் வழியில்தான் ஐயம் எழுந்தது. அந்த எண்ணைச் சொன்னவர் யார்? எதை அளந்து சொன்னார்? பதினெட்டு இலட்சத்தோடு நில்லாமல் முப்பதாயிரம் வரைக்கும் அத்தனை திட்டமாக ஒருவர் அறிந்தது எப்படி? இவற்றுள் ஒன்றையும் கேளாமல் கைதட்டிய குற்றம் என்னுடையது, சிறுமியுடையதன்று. அக்குற்றத்திற்குக் கழுவாயாக இதனை எழுதுகிறேன்.

இது தனியொரு நூலைப்பற்றிய திறனாய்வன்று. நம் கட்டுரைகளிலும் மேடைகளிலும் பாடக் குறிப்புகளிலும் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கத்தைப் பற்றியது. ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்கிறோம். அக்கணக்கு வந்த வழியை விட்டுவிடுகிறோம். இவ்வழக்கம் எத்துணைத் தீங்கானது என்பதை உணர்த்த, பழம்பொருள்களின் காலத்தை அறியப் பயன்படும் முறைகளுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரிமமுறையைப் போலப் புகழ் பெறாதது அது. அமினோ அமிலமுறை என்பது அதன் பெயர். எண்ணை எவ்வாறு நம்புவது, எவ்வாறு நம்பக்கூடாது என்பதற்கு அதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

இடம்புரியும் வலம்புரியும்

சங்கில் இடம்புரி, வலம்புரி என இருவகை உண்டென்பதைத் தமிழர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கடலில் கிடைப்பவை பெரும்பாலும் இடம்புரியே. வலம்புரி அரிது, ஆதலின் விலையும் மிகுதி. இரண்டும் ஒரே பொருளால் ஆனவை, அமைப்பும் ஒன்றே, ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடி நிழல். இடக்கையும் வலக்கையும் போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா.

மூலக்கூறுகளிலும் இத்தகைய இருமை உண்டென்பதை 1848ஆம் ஆண்டில் உப்புப் படிகங்களை ஆராய்ந்து காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். உயிருடலைக் கட்டும் புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. கிளைசின் என்னும் ஒன்றை ஒழித்து ஏனைய யாவும் இடம்புரியாகவும் இருக்கலாம், வலம்புரியாகவும் இருக்கலாம். ஆயினும் உயிரினங்கள் தம் புரதங்களைக் கட்ட இடம்புரி அமிலங்களையே எடுத்துக்கொள்கின்றன. நத்தைக்கும் யானைக்கும் நமக்கும் இதுவே விதி.

உயிர் நீங்கியபின் இவ்விதியைக் காப்பார் எவரும் இலர். எலும்பிலும் பல்லிலும் ஓட்டிலும் தங்கிவிட்ட புரதத்தில், இடம்புரி அமிலம் மெல்ல மெல்ல வலம்புரியாக மாறத் தொடங்குகிறது. சங்கு இவ்வாறு மாறுவதில்லை. உவமை இவ்வளவோடு நிற்கும். காலப்போக்கில் இரண்டும் சமமாகிவிட்டால் மாற்றம் நின்றதுபோல் ஆகும். எனவே ஒரு பழைய ஓட்டில் இடம்புரிக்கு வலம்புரி எத்தனை பங்கு என்று அளந்தால், அது இறந்து எவ்வளவு காலமாயிற்று என்று ஊகிக்கலாம். சமநிலையை எட்டிவிட்டாலோ கடிகாரம் ஓடி முடிந்துவிட்டது. அதற்கப்பால் அது காலம் சொல்லாது.

பன்னெடுங்காலத்துக்கு முந்திய ஓடுகளிலும் எலும்புகளிலும் அமினோ அமிலம் எஞ்சியிருப்பதை 1954ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பிலிப் ஏபல்சன் வெளிப்படுத்தினார். அடுத்த இருபது ஆண்டுகளில் ஹேர், மிட்டரர், பாடா முதலியோர் அதனைக் காலக் கணிப்பு முறையாக வளர்த்தனர். கரிமமுறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளோடு ஓய்ந்துவிடும். இதுவோ, குளிர்ந்த நாடுகளில் பல இலட்சம் ஆண்டுகள்வரை எட்டும். இதனைக் கண்டவர் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

புளித்த மாவு

மகிழ்ச்சிக்கு இடையே ஒரு தடை நின்றது. அமினோ அமிலத்தின் மாற்றம் வேதியியல் மாற்றம். ஆகவே அது வெப்பத்துக்கு அடிமை. ஈப்போவில் இரவு அரைத்து வைத்த இட்லி மாவு விடியற்காலையில் பொங்கி நிற்கிறது. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து வீட்டில் அதே மாவு, அதே உப்பு, அதே பாத்திரம். காலையில் பார்த்தால் கிடந்தபடியே கிடக்கிறது. மாவின் புளிப்பை நாவில் வைத்து, எப்பொழுது அரைத்தது என்று ஒருவர் சொல்லிவிடலாம். ஆனால் அது ஈப்போவில் இருந்ததா, மலைமேல் இருந்ததா என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

அமினோ அமிலக் கடிகாரமும் அத்தகையதே. மாவு புளிப்பது நுண்ணுயிர்களால். இங்கு அவற்றுக்கு வேலையில்லை என்பது ஒன்றே வேறுபாடு. வெப்பம் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் கூடினால் மாற்றத்தின் வேகம் இரட்டிக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 18 பாகையாக உள்ள தானா ராத்தாவைவிட, 27 பாகையைத் தாண்டும் ஈப்போவில் அது ஏறத்தாழ 5 மடங்கு விரைந்து நடக்கும். 10 பாகையாக உள்ள தென்னிங்கிலாந்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 18 மடங்கு. அங்கே 18,000 ஆண்டுகளில் நிகழும் மாற்றம் இங்கே 1,000 ஆண்டுகளில் நிகழ்ந்துவிடும்.

புதைந்த பொருள் கண்ட வெப்பத்தை மதிப்பிடுவதில் ஒரே ஒரு பாகை பிழைத்தாலும் ஆண்டுக் கணக்கில் 15 முதல் 20 விழுக்காடு பிழைக்கும். பனியூழிக் காலத்தில் வெப்பமண்டலமும் சில பாகை குளிர்ந்திருந்தது. இன்றைய வெப்பமானியைப் பார்த்து அன்றைய வெப்பத்தைச் சொல்ல இயலாது. ஆகவே இம்முறையைக் கையாள்வோர், முன்னரே காலம் தெரிந்த ஒரு பொருளை அதே வட்டாரத்திலிருந்து எடுத்து, அதனைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்வர். தராசுக்குப் படிக்கல் எவ்வாறோ, அவ்வாறே இதற்கு அப்பொருள். படிக்கல்லே பிழைபட்டால் என்ன ஆகும்? அதுவும் ஒருமுறை நிகழ்ந்தது.

கலிபோர்னியாவில் நேர்ந்தது

1974ஆம் ஆண்டில் ஜெஃப்ரி பாடாவும் அவர் துணைவர்களும் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் கிடைத்த மனித எலும்புகளை இம்முறையில் அளந்தனர். டெல் மார் என்னுமிடத்து எலும்புக்கு 48,000 ஆண்டு என்றனர். அடுத்த ஆண்டில் சன்னிவேல் எலும்பக்கூட்டுக்கு 70,000 ஆண்டு என்று ஒரு கணக்கு வந்தது. அமெரிக்கக் கண்டத்தில் மனிதன் குடியேறிய வரலாறே தலைகீழாகிவிட்டது எனப் பலரும் எழுதினர்.

அவர்களுக்குப் படிக்கல்லாக அமைந்தது லகுனா என்னுமிடத்து மண்டையோடு. கரிமமுறை அதற்கு 17,150 ஆண்டு தந்திருந்தது. 1980களில், மிகச் சிறிய துணுக்கையும் அளக்கவல்ல புதிய கரிமக் கருவிகள் வந்தன. அதே மண்டையோட்டை மீண்டும் அளந்தபோது அதன் காலம் ஏறத்தாழ 5,100 ஆண்டே என்று தெரிந்தது. படிக்கல் மும்மடங்குக்குமேல் பிழைபட்டிருந்தது! டெல் மாரும் சன்னிவேலும் சில ஆயிரம் ஆண்டுகளுக்குச் சுருங்கின. எலும்பு நுண்துளைகள் நிறைந்தது. நிலத்தடி நீர் அதனுள் புகுந்து உள்ளிருக்கும் அமிலங்களைக் கரைத்துச் செல்லவும், வெளியிலுள்ளவற்றைக் கொண்டுவந்து சேர்க்கவும் வல்லது என்னும் குறையும் அப்போது நன்கு விளங்கிற்று.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பழைய எலும்புகளைப் புதிய கருவியால் அளந்து, முந்திய கணக்கு பொருந்தாது என்று 1984ஆம் ஆண்டில் எழுதியவர்களுள் பாடாவும் ஒருவர். தாம் கட்டியதைத் தாமே பிரித்துப் பார்த்த இச்செயலை நான் தோல்வியாகக் கருதவில்லை. அறிஞர்கள் நாளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள், ஆதலின் எதையும் நம்புவதற்கில்லை என்று கைவிரிப்போர் நம்மிடையே உண்டு. எண்ணைக் கும்பிடுவோரும் எண்ணை எள்ளுவோரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர்: இருவருமே எண் வந்த வழியைப் பார்ப்பதில்லை.

நத்தையின் மூடியில் கிடைத்த விடை

தோல்விக்குப்பின் அம்முறை ஒழிந்துவிடவில்லை. புரதம் நீரால் அலைக்கழிக்கப்படாமல் பூட்டியிருக்கும் இடத்தைத் தேடினர். ஓட்டின் சுண்ணப் படிகங்களுக்குள்ளேயே சிறிதளவு புரதம் சிறைப்பட்டிருக்கிறது. ஓட்டைப் பொடியாக்கி, வெளுப்புக் காரத்தில் ஊறவைத்து, வெளியே ஒட்டியவற்றையெல்லாம் போக்கிவிட்டால் படிகத்துக்குள் இருப்பது மட்டும் எஞ்சும். யார்க் பல்கலைக்கழகத்தின் கிர்ஸ்ட்டி பெங்க்மன் குழுவினர் பிரிட்டனின் 74 இடங்களில் கிடைத்த சிறிய நன்னீர் நத்தைகளின் மூடிகளை இவ்வகையில் ஆராய்ந்து, பனியூழிப் படிவுகளை முன்பின்னாக வரிசைப்படுத்தி 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வரிசையே முதன்மை, ஆண்டுக் கணக்கு அதன்பின். இவ்வடக்கத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நத்தை என்றதும் பேராக் வாசகர்க்குச் சுங்கை சிப்புட் நினைவுக்கு வரும். ஊரின் பெயரே நத்தையாறு என்பதுதான். லெங்கோங் குகைகளில் பழைய மாந்தர் உண்டு எறிந்த ஆற்றுநத்தை ஓடுகள் குவியலாகக் கிடைக்கின்றன. பல ஓடுகளின் நுனி உடைக்கப்பட்டிருக்கிறது. இன்றும் மலாய்க்காரர் நுனியை வெட்டித் தேங்காய்ப்பாலில் சமைத்து உறிஞ்சி உண்ணும் அதே முறை! ஆனால் இந்நத்தையின் மூடி பிரிட்டன் நத்தையின் மூடியைப் போலச் சுண்ணத்தால் ஆனதன்று. கொம்புப் பொருளால் ஆனது. ஆதலின் அங்கே கிடைத்த விடையை இங்கே அப்படியே பெயர்த்து நடமுடியாது.

எனினும் ஓடு உண்டு. கரிமமுறைக்கு அவ்வோடு தரும் தொல்லை ஒன்றும் உண்டு. சுண்ணாம்புப் பாறை நாட்டில் ஆற்றுநீர் பாறையின் பழைய கரிமத்தைக் கரைத்துக் கொண்டுவருகிறது. நத்தை அதனையும் சேர்த்தே ஓடு கட்டுகிறது. கரிமமுறையில் அளந்தால் அவ்வோடு தன் உண்மைக் காலத்துக்கு முந்தியதாகத் தோன்றக்கூடும். அமினோ அமிலமுறை கரிமத்தை எண்ணுவதில்லை. ஆகவே இக்குறை அதற்கில்லை. வெப்பத்தில் அது பிழைபடலாம். கரிமமுறையோ வெப்பத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஒன்றன் குறையை மற்றொன்று பகிர்ந்துகொள்ளாத இரு சான்றுகள் ஒத்துச் சொன்னால் அச்சொல்லுக்கு வலிமை மிகுதி. ஊர்ப் பஞ்சாயத்தும் அறிந்த உண்மை இது.

தம்புன் வட்டாரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஈப்போவுக்கு அருகே ஈயமணல் தோண்டிய சுண்ணாம்புக் குகையொன்றில் பழைய பாலூட்டிகளின் எச்சங்கள் கிடைத்தன. 1962ஆம் ஆண்டில் டச்சு அறிஞர் ஹோயர் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுள் நீர்யானையும் ஒன்று! கிந்தா ஆற்றுச் சமவெளியில் நீர்யானை நடமாடிய காலத்தை, சாவாவில் கிடைத்த அதையொத்த விலங்குகளோடு ஒப்பிட்டே உய்த்துணர்ந்தனர். பல்லின் எனாமல் எலும்பைவிடக் கெட்டி; புரதத்தை நன்கு பூட்டிவைப்பது. 2019ஆம் ஆண்டில் யார்க் ஆய்வாளர் பழைய யானைப் பற்களின் எனாமலில் அமினோ அமிலமுறை இயலும் என்று காட்டினர். அதே ஆண்டில் தென்சீனாவின் குகையொன்றில் கிடைத்த, ஏறத்தாழ 19 இலட்சம் ஆண்டுப் பழமையான பெருங்குரங்கின் பல் எனாமலிலிருந்து புரதம் எடுக்கப்பட்டது. வெப்பநாட்டுப் பல்லிலும் புரதம் தங்கும் என்பதற்கு அது சான்று. தம்புன் போன்ற குகைகளின் பற்களுக்கு இம்முறை ஏற்றதே. ஆனால் படிக்கல்லை இந்நாட்டிலேயே தேடிச் செய்துகொள்ள வேண்டும்.

லெங்கோங்கின் எண்கள்

இப்பொழுது சிறுமியின் எண்ணுக்கு வருவோம். அது அமினோ அமிலமுறையில் வந்ததன்று. புக்கிட் புனோ என்னுமிடத்தில் விண்கல் மோதி உருகி இறுகிய சூவைட் பாறையில் கற்கோடரி பதிந்திருந்ததாக 2009ஆம் ஆண்டில் அறிவித்தனர். பாறையின் கனிமங்களில் யுரேனிய அணுக்கள் பிளந்து விட்ட தழும்புகளை எண்ணிக் கணித்த காலம் அது. ஆய்வாளர் தந்த எண் 18.3 இலட்சம் மட்டுமன்று. அதனோடு 6 இலட்சத்துக்குச் சற்று மிகுதியான ஏற்றத்தாழ்வும் சேர்ந்திருந்தது. அஃதாவது 12 இலட்சமாகவும் இருக்கலாம், 24 இலட்சமாகவும் இருக்கலாம். மேலும், அளக்கப்பட்டது பாறையின் காலம். கல்லைச் செதுக்கியது மனிதன் கையா என்பது வேறொரு கேள்வி. அதில் அறிஞர் உலகம் இன்னும் ஒருமனப்படவில்லை. சிறுமியிடம் வந்து சேர்வதற்குள் ஏற்றத்தாழ்வும் உதிர்ந்தது, கேள்வியும் உதிர்ந்தது. எஞ்சியது முழக்கம்.

கோத்தா தம்பான் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு. அங்குள்ள கற்கருவிப் பட்டறை 1938ஆம் ஆண்டில் காலிங்ஸ் என்பவரால் வெளிக்கொணரப்பட்டது. 1987ஆம் ஆண்டில் சுரைனா மஜீத் அம்மையார் அங்கு அகழ்ந்தபின், கருவிகளோடு கிடந்த எரிமலைச் சாம்பலைக் கொண்டு 31,000 ஆண்டு என்றனர். பின்னர் அச்சாம்பல் சுமத்திராவின் தோபா எரிமலை 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கியது என்று கொண்டு எண்ணை மாற்றினர். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வோ, அப்பள்ளத்தாக்கின் சாம்பல் விழுந்த இடத்திலேயே கிடப்பதன்று, நீரால் வாரப்பட்டு மீண்டும் படிந்தது என்று காட்டியது. சாம்பலின் வயது வேறு. அது படிந்த அடுக்கின் வயது வேறு.

எண் இருமுறை ஆட்டம் கண்டது. கருவிகள் ஆடவில்லை. ஆற்றங்கரையில் அமர்ந்து கூழாங்கல்லைக் கல்லால் தட்டி உடைத்தவன் உண்மை; அவன் விட்டுச்சென்ற பட்டறையும் உண்மை. குவா குனோங் ருந்துவில் 1991ஆம் ஆண்டில் கிடைத்த பேராக் மனிதனும் உண்மை. பிறவியிலேயே ஒரு கை ஊனமுற்ற அவர் நடுவயது கடந்தும் வாழ்ந்து, சுற்றத்தாரால் பேணிப் புதைக்கப்பட்டிருக்கிறார். ஏறத்தாழ 10,000 அல்லது 11,000 ஆண்டுகளுக்கு முந்திய அச்சமுதாயத்தின் அன்புக்கு அந்த எலும்புக்கூடே சான்று. இதனை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிள்ளைகளுக்கு ஊட்டினால், எண் மாறும் நாளில் அனைத்தும் பொய்யென்று அவர்கள் எண்ணுவர். என் அச்சம் அதுவே.

நம்மிடமே உள்ள சொல்

பல்லாயிரம், பன்னூறாயிரம் என்று தொன்மை பேசுவதில் நமக்கு நாட்டம் மிகுதி. நாட்டம் தவறன்று. ஆனால் சென்னைக்கு அருகேயுள்ள அத்திரம்பாக்கத்தின் ஒரு கற்கருவி மரபுக்கு 2018ஆம் ஆண்டில் சாந்தி பப்பு குழுவினர் 3,85,000 ஆண்டு என்று கணித்தபோது, 64,000 ஆண்டு முன்பின் என்பதையும் சேர்த்தே வெளியிட்டனர். அதனைத் தமிழில் எடுத்தெழுதும்போது பின்பகுதியை ஏன் விடவேண்டும்? வாசகர்க்குக் குழப்பம் தரும் என்பர் சிலர். நம் மொழியில் அதற்குச் சொல் இல்லை என்பர் வேறு சிலர்.

சொல் இருக்கிறது; நாள்தோறும் வழங்குகிறோம். ஏற, தாழ என்னும் இரண்டும் செயவென் வாய்பாட்டு எச்சங்கள்; முன்னதன்பின் வல்லினம் மிக்கு ஏறத்தாழ என்றாயிற்று. மேலேறவும் கீழிறங்கவும் இடமுண்டு என்பது அதன் பொருள். அறிவியலார் எண்ணுக்குப் பக்கத்தில் இடும் கூட்டல் கழித்தல் குறிக்கு இதனினும் பொருத்தமான சொல்லை எம்மொழியில் தேடுவது? ஏறக்குறைய என்பதும் கூடக்குறைய என்பதும் அத்தகையனவே. நாமோ இச்சொற்களை, சரியாகத் தெரியாதவன் சொல்லும் சாக்குப்போக்காக ஆக்கிவிட்டோம். மேடைக்கு ஏறுமுன் கழற்றி வைத்துவிடுகிறோம். உண்மையில் அது அறியாமையின் சொல்லன்று. எவ்வளவு அறிவோம், எவ்வளவு அறியோம் என்று அளந்து கூறுவோனின் சொல்.

தோட்டத்துப் பாட்டிமார் இதனை அறிந்திருந்தனர். பிறந்த நாள் எழுதிவைக்கப்படாத காலம் அது. வயதென்ன என்று கேட்டால், ஜப்பான்காரன் வந்தபோது கைப்பிள்ளை என்பர். அவசரகாலச் சட்டத்தில் கம்பிவேலிக்குள் குடிபோனபோது பள்ளி செல்லும் வயது என்பர். இவ்விரு படிக்கற்களுக்கு இடையே தம்மை நிறுத்தி வயதைச் சொன்ன முறை அது. எண் இல்லை, வழி இருந்தது. நம்மிடம் எண் இருக்கிறது, வழி இல்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூறுவேன். ஆண்டுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதும்போது அதன் பக்கத்தில் மூன்று கேள்விகளையும் எழுதுங்கள்: அளக்கப்பட்டது எது? எம்முறையால்? ஏற்றமும் தாழ்வும் எவ்வளவு? இவற்றுக்கு விடை தெரிந்த பிள்ளை, நாளை எண் மாறினாலும் கலங்காது; மாறியதற்குக் காரணம் கேட்கும்.

அச்சிறுமி அடுத்த ஆண்டும் மேடையேறுவாள். புக்கிட் புனோவின் பாறைக்கு ஏறத்தாழ 12 முதல் 24 இலட்சம் ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள், அதிலுள்ள கல் மனிதன் செதுக்கியதுதானா என்று இன்னும் ஆராய்கிறார்கள் என்று அவள் பேசினால், அவை அத்தனை உரக்கக் கைதட்டாது. நான் தட்டுவேன்.